ஒரு புள்ளி செய்த வேலை



விடுதி வாசலில் காவலாளி கையில் இரண்டு நோட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் உள்ளே விடவேண்டியவர் பெயர், மற்றதில் விடக்கூடாதவர் பெயர். லினக்ஸ் சர்வரில் இந்தக் காவலாளியின் பெயர் 'டிசிபி ராப்பர்'. நெதர்லாந்தில் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கணினிகளில் அத்துமீறி நுழைந்த ஒருவனைக் கண்காணிக்க, வீட்சே வெனிமா என்பவர் 1990-ல் எழுதியது.

நோட்டுகள் என்பவை ஹோஸ்ட்ஸ்.அல்லோ, ஹோஸ்ட்ஸ்.டினை என்ற இரு ஃபைல்கள். முதலில் அல்லோ. அதில் பொருந்தினால் உடனே அனுமதி. டினையைப் பார்ப்பதே இல்லை. பொருந்தாவிட்டால் டினை, அதில் இருந்தால் மறுப்பு. இரண்டிலும் இல்லாதவர்? இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். அவருக்கும் அனுமதி உண்டு! ஆகவே டினையில் 'ஆல்: ஆல்' என்று எல்லோரையும் தடுத்துவிட்டு, வேண்டியவர்களை மட்டும் அல்லோவில் எழுதுவதே பாதுகாப்பு.

முகவரிகளை மொத்தமாக எழுத இரண்டு வழி. '192.168.4.' என்று புள்ளியோடு முடித்தால், அப்படித் தொடங்கும் 256 முகவரிகளும் அடங்கும். '192.168.4.0/255.255.254.0' என்றால் 192.168.5.255 வரை 512 முகவரிகள். 254-ன் பைனரியில் கடைசி பிட் 0. அந்த இடத்தில் எது வந்தாலும் சரி என்று பொருள்.

செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள், லேப் சாரிடம் அனுமதி வாங்கி இதை நான் எழுதினேன். டினையில் 'ஆல்: ஆல்' போட்டேன். அல்லோவில் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டேன். என் திரையில் எல்லாம் ஒழுங்காகவே ஓடியது. ஏனென்றால் இணைப்பு தொடங்கும்போது மட்டும்தான் சோதனை. ஏற்கெனவே உள்ளே இருப்பவனை ராப்பர் வெளியே தள்ளாது. நானும் லாக்அவுட் செய்துவிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா ஒருத்தராலும் உள்ளே நுழைய முடியல. எல்லோருடைய ரெக்கார்டு புரோகிராமும் சர்வரில்! சார் சர்வர் அறைக்கே போய், அதன் கீபோர்டில் ஒரு புள்ளி வைத்தார். திட்டவே இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

அன்று முதல் பழைய இணைப்பை மூடாமல், வேறொரு கணினியிலிருந்து புதிதாக நுழைந்து பார்த்த பிறகே எழுந்திருக்கிறேன்.

இன்னொன்று. ஓபன்எஸ்எஸ்ஹெச் 2014-ல் வந்த 6.7 பதிப்பிலேயே ராப்பர் ஆதரவை நீக்கிவிட்டது. சில லினக்ஸ்களில் மட்டும் தனியாகச் சேர்த்துத் தருகிறார்கள். 'எல்டிடி' கட்டளையில் 'லிப்ராப்' தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் நீங்கள் எழுதும் தடை வெறும் எழுத்துதான், ஃபயர்வாலில் தடுங்கள்.

பூட்டும் முன் சாவி கையில் இருக்கிறதா என்று பார்ப்போம், நண்பர்களே!