யானைமேல் துஞ்சிய இளவரசர்

இளவரசர் என்றதும் பட்டாடையும் பொன்முடியும் பல்லக்குமே நம் நினைவுக்கு வருகின்றன. பண்டைச் சீன நாட்டில் பட்டத்து இளவரசர் வாழ்ந்த இடத்திற்குக் 'கிழக்கு அரண்மனை' என்று பெயர். அங்கே ஆசிரியர்கள் சூழ அரச நெறிகளைக் கற்று, அரியணைக்காக அவர் காத்திருப்பார். நம் சோழ நாட்டு இளவரசர் ஒருவரோ அரண்மனையை விட்டு எல்லைப்புறத்தில் படையுடன் வாழ்ந்தார். அவரே முதலாம் பராந்தக சோழரின் மூத்த மகன் இராசாதித்தர்.

பராந்தகர் கி.பி. 907 முதல் 955 வரை ஆண்டவர். தெற்கே மதுரையை வென்றார். வடக்கே பாணர்களின் நாட்டைக் கைப்பற்றினார். நாடிழந்தவர்கள் இராட்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணரின் துணையை நாடினர். வடக்கிலிருந்து போர் வரும் என்பதை உணர்ந்த பராந்தகர், இளவரசரைப் பெரும்படையுடன் திருமுனைப்பாடி நாட்டில் நிறுத்தினார். உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள திருநாவலூர் அக்காலத்தில் இராசாதித்தபுரம் என்றே வழங்கியது. நமக்கு எவ்வளவு அண்மையில் அவர் வாழ்ந்திருக்கிறார், பாருங்கள்!

அவருடைய படைத்தலைவர்களுள் ஒருவர் சேர நாட்டைச் சேர்ந்த வெள்ளங்குமரன். இவர் 943-ஆம் ஆண்டில் தென்பெண்ணையாற்றங்கரையிலுள்ள கிராமம் என்னும் ஊரில் கற்கோயில் எழுப்பினார்.

949-ஆம் ஆண்டில் அரக்கோணத்திற்கு அருகிலுள்ள தக்கோலத்தில் பெரும்போர் மூண்டது. யானைமேல் அமர்ந்து போரிட்ட இராசாதித்தரைக் கிருஷ்ணரின் மைத்துனரான கங்க மன்னர் பூதுகன் கொன்றார். தலைவனை இழந்த சோழர் படை சிதறியது. தொண்டை மண்டலம் பகைவர் வசமாயிற்று. முதுமையில் பராந்தகர் மகனையும் இழந்தார். நாட்டின் ஒரு பகுதியையும் இழந்தார். இளவரசரைக் கல்வெட்டுகள் 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்று போற்றுகின்றன. முடிசூடாதவருக்கு அப்பெயரே முடியாயிற்று.

போர்க்களத்தில் தம் தலைவருடன் இறக்க முடியாமற் போயிற்றே என்று ஒரு வீரர் மனம் நொந்தார். அவர் உலகைத் துறந்து, கங்கையில் நீராடி, சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் திருவொற்றியூர் மடத்தில் துறவியாக வாழ்ந்தார். அங்குள்ள கல்வெட்டு இதனைக் கூறுகிறது. இவரே வெள்ளங்குமரன் என்பது அறிஞர் கருத்து. தலைவரைக் கைவிட்டோமே என்று கண்ணீர் வடித்த புனித இராயப்பரை நாம் இங்கு நினைக்கிறோம். இராயப்பர் அஞ்சி மறுதலித்தார். இவரோ உடன் இருக்க இயலாமற் போனார். இருவரும் துயரத்தில் மூழ்கிவிடவில்லை; எஞ்சிய வாழ்வை இறைவனுக்கே கொடுத்தனர்.

இளவரசர் மறைந்ததால் அவருடைய தம்பி கண்டராதித்தர் அரசரானார். கண்டராதித்தரின் தேவியே செம்பியன் மாதேவியார். இளமையிலேயே கணவரை இழந்த அவ்வம்மையார் பல கோயில்களைக் கருங்கல்லால் கட்டுவித்தார். பீங்கான் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற நம் விருத்தாசலத்தின் பழமலைநாதர் கோயிலும் அவற்றுள் ஒன்று. அக்கோபுரத்தைக் கடந்து பள்ளிக்கு வரும் நாம், அதன் பின்னே தக்கோலத்தின் துயரம் இருப்பதை அறியாதிருந்தோம்.

உயர்ந்த இடத்தில் பிறப்பது நம் கையில் இல்லை. ஒப்படைத்த இடத்தில் உறுதியுடன் நிற்பதும், தவறியபோது மனம் வருந்தி மீண்டும் எழுவதும் நம் கையில் உள்ளன. தோழியரே, இவ்விரு பாடங்களையும் நாம் மறவாதிருப்போமாக!