முள் சிவப்பைத் தொடும் முன்

நுழையும்முன்

மும்பையிலிருந்து புணே செல்லும் சாலையில் பயணம் செய்தவர்கள், மலையேற்றத்தின் ஓரத்தில் நிற்கும் கனரக வண்டிகளைக் கண்டிருப்பார்கள். ஓட்டுநர் அறை முன்புறமாகச் சாய்க்கப்பட்டிருக்கும். பின்சக்கரத்தின் கீழ் ஒரு கட்டை கிடக்கும். நிழலில் இருவர் அமர்ந்திருப்பர். அவ்வண்டி ஏன் நின்றது? நிற்காமல் செல்ல என்ன செய்திருக்க வேண்டும்? அறிவியல் வகுப்பில் வெப்பத்தைப் பற்றிப் படித்தவற்றையும் நினைவிற்கொண்டு இப்பாடத்தைப் படியுங்கள்.

உரைநடை

கொங்கணக் கடற்கரைச் சமவெளியிலிருந்து தக்காணப் பீடபூமிக்கு ஏறும் பழைமையான வழிகளுள் ஒன்று போர் கணவாய். அடிவாரத்தில் உள்ள கோப்போலி, கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரங்கூட இல்லாத ஊர். மேலே உள்ள லோணாவளா 600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. 1863ஆம் ஆண்டு இம்மலைவழியே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 37 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் உயரும் அளவுக்கு அப்பாதை செங்குத்தானது. ஆதலால் இன்றும் மேலேறும் தொடர்வண்டிகளைக் கர்ஜத் நிலையத்திலிருந்து துணை எஞ்சின்கள் பின்னின்று தள்ளிச் செல்கின்றன. சாலையில் செல்லும் லாரிக்கு அத்தகைய துணை இல்லை. தன் எடையையும் தன் பின்னால் வரும் டிரெய்லரின் எடையையும் அதுவே இழுத்தாக வேண்டும்.

மே மாதத்து நண்பகல் ஒன்றில், நவசேவாத் துறைமுகத்தில் சரக்குப்பெட்டி ஏற்றிய டிரெய்லர் லாரி ஒன்று கோப்போலியைக் கடந்து மலையேறத் தொடங்கியது. கதவில் சங்ககிரி என்று ஊர்ப்பெயர் எழுதியிருந்தது. ஓட்டுநர் இருபத்தைந்து ஆண்டுகளாக வண்டி ஓட்டுபவர். உதவியாளனாக வந்த இளைஞனுக்கு அது முதல் ஆண்டு. மாலை நான்கு மணிக்குள் சாக்கனில் உள்ள தொழிற்சாலை வாயிலில் வண்டி நிற்க வேண்டும். ஏற்றத்தில் மூன்று கிலோமீட்டர்கூடச் செல்லவில்லை. வெப்பம் காட்டும் முள் நடுவைத் தாண்டிச் சிவப்புக் கோட்டை நோக்கி நகர்ந்தது. மிதியை எவ்வளவு அழுத்தியும் வேகம் குறைந்துகொண்டே வந்தது.

எஞ்சினுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். அவ்வண்டியின் மொத்த எடை 40 டன் என்று கொள்வோம். அதனை 500 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் ஏறத்தாழ 20 கோடி ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 3.6 கோடி ஜூல் ஆற்றல் உண்டு. அப்படியானால் ஐந்தரை லிட்டர் போதுமே என்று தோன்றும். போதாது. எரியும் டீசலின் ஆற்றலில் நூற்றுக்கு நாற்பது பங்கு அளவே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. எஞ்சிய பங்கு வெப்பமாகிறது. அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறும். மற்றொரு பெரும்பகுதியை எஞ்சினைச் சூழ்ந்தோடும் குளிர்விப்பு நீர் ஏற்றுக்கொண்டு, முன்னாலுள்ள ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்க வேண்டும். எனவே மலையேற உண்மையில் பதினான்கு லிட்டராவது எரிகிறது. சக்கர உராய்வையும் சேர்த்தால் இன்னும் மிகும். அத்தனை வெப்பமும் அரைமணி அல்லது முக்கால் மணி நேரத்துக்குள் வெளியேறியாக வேண்டும்.

சமவெளியில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். ஏற்றத்தில் வண்டி பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. எதிர்க்காற்று இல்லை; விசிறி ஒன்றே துணை. வெப்பம் மிகும் இடத்தில்தான் காற்றும் குறைகிறது என்பதே மலையேற்றத்தின் இடர்ப்பாடு.

ஓட்டுநர் சாலையோர அகலிடம் ஒன்றில் வண்டியை நிறுத்தினார். கைத்தடையை இட்டார். உதவியாளன் இறங்கிப் பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தான். முட்டுக்கட்டை என்னும் சொல்லை நாம் இன்று தடங்கல் என்னும் பொருளிலேயே வழங்குகிறோம். தேர் ஓடும் ஊர்களிலும் லாரிகளிலும் அது இன்னும் உண்மையான கட்டைதான். தடங்கல் செய்வதற்கன்று, காப்பதற்கு.

"அண்ணே, எஞ்சினை அணைத்துவிடலாமா?" என்றான் இளைஞன்.

"இப்போது வேண்டாம், தம்பி. நீர் ஒழுகுகிறதா, ஆவி வருகிறதா, பெல்ட் இருக்கிறதா என்று முதலில் பார்."

நீர் ஒழுகவில்லை, பெல்ட்டும் அறவில்லை. ஆகவே ஓட்டுநர் கியரை விலக்கி, எஞ்சினைச் சுமையின்றி ஓடவிட்டார். சுமை நீங்கியதும் டீசல் குறைவாக எரியும். விசிறியும் நீரிறைக்கும் பம்பும் மட்டும் தொடர்ந்து சுழலும். உடனே அணைத்துவிட்டால் நீரோட்டம் நின்று, சூடு எஞ்சினுக்குள்ளேயே தேங்கிவிடும். டர்போ உருளைக்குச் செல்லும் எண்ணெயும் நின்று, அங்கே கருகிப் படியும். நீர் வெளியேறிவிட்டாலோ பெல்ட் அறுந்துவிட்டாலோ இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். அப்போது எஞ்சின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் கேடுதான்.

முள் மெல்ல இறங்கியது. எஞ்சின் அணைந்து, விசிறியின் ஓயா இரைச்சல் அடங்கியது. இளைஞன் நீர்க்குடத்தையும் துணியையும் எடுத்துக்கொண்டு முன்னே சென்று, மூடியின்மேல் கை வைத்தான்.

"தொடாதே!" என்று ஓட்டுநர் உரக்கக் கூவினார். பிறகு தம் வலக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து மேலே, தோல் சுருங்கி வெளுத்த நீண்ட தழும்பு ஒன்று இருந்தது. "உன் வயதில் நானும் மூடியைத் திறந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த மூடி வெறும் மூடியன்று. அதிலுள்ள வில், உள்ளேயிருக்கும் அழுத்தத்தைக் காக்கிறது. அழுத்தம் மிகுந்தால் நீரின் கொதிநிலை உயரும். வளிமண்டல அழுத்தம் இருமடங்கானால் நீர் 100 டிகிரிக்கு மாறாக ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசில்தான் கொதிக்கும். மூடி திறந்தவுடன் அழுத்தம் வீழ்ந்துவிடும். 110 டிகிரியில் அமைதியாக இருந்த நீர் அக்கணமே கொதித்து, ஆவியும் கொதிநீருமாகப் பீறிடும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரைத் திடீரென ஊற்றினால் தலைப்பகுதி இரும்பு வெடித்துவிடவும் கூடும். கையால் தொடும் அளவுக்கு ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருத்தலே ஒரே வழி.

காத்திருக்கும் நேரத்தில் இருவரும் காரணத்தைத் தேடினர். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே வைக்கோல் துகளும் பூச்சிகளும் புழுதியும் அடைந்திருந்தன. அது ஒரு காரணம். ஆயினும் அதனால் மட்டும் முள் இவ்வளவு விரைவில் ஏறாது என்று ஓட்டுநர் எண்ணினார். டிரெய்லரின் ஒவ்வொரு சக்கரத்தருகிலும் புறங்கையைக் கொண்டு சென்று, தொடாமலே சூட்டை அளந்து வந்தார். இடப்புறக் கடைசிச் சக்கரத்தருகில் கையை வைக்க முடியவில்லை. முந்தைய நாள் வழியிலிருந்த பட்டறையில் பிரேக்கைச் சரிசெய்தவர் அதனை அளவுக்கு மிஞ்சி முடுக்கிவிட்டிருந்தார். மிதியிலிருந்து கால் எடுத்த பின்னும் அச்சக்கரத்தில் பிரேக் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு காலை யாரோ பிடித்திழுக்க, மலையேறிக்கொண்டிருந்தது வண்டி.

எஞ்சின் சூடானால் எல்லாரும் எஞ்சினையே பார்க்கின்றனர். இழுவை வண்டியில் நோய் பின்னாலும் இருக்கலாம். தளராத பிரேக், காற்றுக் குறைந்த டயர், அனுமதிக்கு மேற்பட்ட சுமை ஆகிய ஒவ்வொன்றும் எஞ்சினின் வேலையைக் கூட்டும். புறப்பட்டுப் பத்துக் கிலோமீட்டர் சென்றதும் இறங்கிச் சக்கரங்களின் சூட்டைச் சுற்றிப் பார்ப்பவர் இதனை மலையடிவாரத்திலேயே அறிந்திருப்பார். அன்று காலையில் அவசரத்தால் அவர் அதைச் செய்யவில்லை.

ஆற்றல் குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. டீசல் எரிய மிகுந்த காற்று வேண்டும். காற்று வடிகட்டி புழுதியால் அடைத்தாலும், டர்போவிலிருந்து வரும் குழாயில் கசிவு இருந்தாலும் காற்றுக் குறைந்து, கரும்புகை எழும், இழுவை தளரும். டீசல் வடிகட்டியில் தண்ணீரும் கசடும் தேங்கினாலும் அவ்வாறே. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்பனையாகும் பாரத் ஸ்டேஜ் ஆறாம் வகை லாரிகளில் கணினியே காவலாக இருக்கிறது. வெப்பம் எல்லை கடந்தால் அது தானாகவே எரிபொருளைக் குறைத்து எஞ்சினைக் காக்கும். புகையைத் தூய்மையாக்கும் யூரியாக் கரைசல் தீர்ந்தாலும் ஆற்றலைக் குறைத்துவிடும். ஓட்டுநர் இதனைப் பழுதென்று எண்ணி மிதியை மேலும் அழுத்துவதால் பயன் ஒன்றுமில்லை.

மணி இரண்டானது. தொலைபேசி ஒலித்தது. தாமதமானால் வாடகையில் பிடித்தம் செய்வார்கள் என்று மறுமுனையில் உரிமையாளர் நினைவூட்டினார். "பிடித்தம் போனால் போகட்டும், ஐயா. எஞ்சின் இறுகிவிட்டால் இந்த ஆண்டு வாடகை முழுவதும் போய்விடும்" என்றார் ஓட்டுநர். மறுமுனை சற்று நேரம் பேசவில்லை. பின், பார்த்து வாருங்கள் என்றது.

பிரேக்கைச் சரியளவுக்குத் தளர்த்தினார். தகடுகள் வளையாதவாறு மென்தூரிகையால் குப்பையை நீக்கினார். பட்டறையில் கழுவும்போது நீரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெதுவாகப் பாய்ச்ச வேண்டும். முன்னிருந்து வேகமாக அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே செல்லும். பிறகு, ஆறிய மூடியைத் துணியால் பற்றி, முதற்படிவரை திருப்பி, மீந்த காற்று வெளியேறியபின் திறந்தார். குறைந்திருந்த அளவுக்கு, வண்டியில் வைத்திருந்த கூலண்ட் கலவையை ஊற்றினார். ஆழ்துளைக் கிணற்று நீர் இலவசமாகக் கிடைப்பதால் பலர் அதையே ஊற்றுகின்றனர். அதிலுள்ள உப்புகள் குழாய்களின் உட்புறத்தில் படிந்து, சமையற்பாத்திரத்தின் அடிப்படலம்போல வெப்பத்தைத் தடுக்கின்றன. கூலண்டோ கொதிநிலையை உயர்த்துவதோடு துருவையும் தடுக்கிறது.

மீண்டும் புறப்பட்டபோது அவர் தொடக்கத்திலேயே கீழ்க்கியரை இட்டார். "மேல்கியரில் போனால் எஞ்சின் அமைதியாக இருக்குமே, அண்ணே" என்றான் இளைஞன். அமைதியாக இருப்பதுதான் தீங்கு. மேல்கியரில் எஞ்சின் மெல்லச் சுழலும். அதே வேலையைக் குறைந்த சுழற்சிகளில் செய்ய, ஒவ்வொரு முறையும் மிகுந்த டீசலை எரித்துத் திணறும். பெல்ட்டால் இயங்கும் பம்பும் விசிறியும்கூட மெல்லச் சுழலும். கீழ்க்கியரில் எஞ்சின் விரைந்து சுழன்று, சிறுசிறு அளவாக எரித்து, மிகுந்த நீரையும் காற்றையும் ஓட்டும். வேகம் குறைவென்றாலும் வண்டி நில்லாது ஏறும்.

இமயத்தில் மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில் இவையெல்லாம் இன்னும் கடுமையாகும். 5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே. திறந்த பாத்திரத்து நீர் அங்கே ஏறத்தாழ 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பழுதான மூடியோடு செல்பவர் நடுவழியில் நிற்க நேரும்.

நெடுவழி செல்வோர் மாற்றுப்பொருள் கொண்டு செல்வது நமக்குப் புதிதன்று. உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் கட்டிச் சென்ற சேம அச்சைப் புறநானூற்றில் ஒளவையார் குறிப்பிடுகிறார். சங்ககிரி லாரியின் இருக்கைக்குப் பின்னால் ஒரு மாற்று பெல்ட்டும், இரண்டு குழாய்களும், பத்து லிட்டர் கூலண்டும் இருந்தன.

கண்டாளா அருகே குகைவழிக்குள் நுழைந்தபோது முள் நடுவைச் சற்றே தாண்டி நின்றது. மணி மூன்றரை. சாக்கனுக்கு இன்னும் தொலைவு இருந்தது.

சொல்லும் பொருளும்

இடர்ப்பாடு – துன்பம், தடை. கொதிநிலை – நீர்மம் கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலை. சேம அச்சு – முறிந்தால் மாற்றுவதற்கு வைத்திருக்கும் அச்சு. கசடு – அடியில் தங்கும் அழுக்கு.

இலக்கணக் குறிப்பு

கொதிநீர் – வினைத்தொகை. ஓயா இரைச்சல் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

நிறுத்தினார் = நிறுத்து + இன் + ஆர். நிறுத்து – பகுதி. இன் – இறந்தகால இடைநிலை. ஆர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

பயிற்சி

1. நீர் ஒழுகாதபோது எஞ்சினை உடனே அணைக்காததும், நீர் ஒழுகும்போது உடனே அணைப்பதும் ஏன்? உம் சொந்த நடையில் எழுதுக.

2. 'முட்டுக்கட்டை' என்னும் சொல்லை அதன் நேர்ப்பொருளிலும் வழக்குப்பொருளிலும் தனித்தனித் தொடர்களில் அமைக்க.

3. 30 டன் எடையுள்ள வண்டி 400 மீட்டர் உயரம் ஏறுவதற்குத் தேவையான ஆற்றலைக் கணக்கிட்டு, அதற்கு எரியும் டீசலின் அளவைப் பாடத்திலுள்ள முறைப்படி காண்க.

4. உரிமையாளருக்கும் ஓட்டுநருக்கும் நடந்த தொலைபேசி உரையாடலைப் பத்து வரிகளில் விரித்து எழுதுக. உரிமையாளர் தரப்பு நியாயமும் அதில் இடம்பெற வேண்டும்.

5. உம் ஊரில் உள்ள லாரிப் பட்டறை ஒன்றுக்குப் பெரியவர் துணையுடன் சென்று, வண்டியின் உறுப்புகளுக்கு அங்குள்ளோர் வழங்கும் பெயர்களைத் தொகுத்து, அவற்றுள் ஐந்தினுக்குத் தமிழ்ச்சொல் ஆக்குக.