விலை கொடுத்து வாங்கும் அமைதி
இரைச்சல் நீக்கும் ஹெட்போனைத் தேர்ந்தெடுக்கும் முறை

காதை முழுவதுமாக மூடும் கம்பியில்லா ஹெட்போன்கள் இரண்டாயிரம் ரூபாயில் தொடங்கி முப்பதாயிரத்தைத் தாண்டிய விலை வரை நம் நாட்டுச் சந்தையில் கிடைக்கின்றன. ஏறத்தாழ எல்லாப் பெட்டிகளின் மேலும் 'இரைச்சல் நீக்கம்' என்ற சொல் அச்சிடப்பட்டிருக்கிறது. ஒரே சொல்லுக்கு இத்தனை விலைகள் ஏன் என்று வாடிக்கையாளர் திகைப்பது இயல்பே. விலையில் ஒரு பகுதி உண்மையான தரத்துக்கு உரியது. ஒரு பகுதி நிறுவனத்தின் பெயருக்கு உரியது. மற்றொரு பகுதி நமக்குத் தேவைப்படாத வசதிகளுக்குப் போகிறது. இவற்றைப் பிரித்தறிய வேண்டுமானால், இக்கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒலியை ஒலியால் அழித்தல்

ஒலி என்பது காற்றில் உண்டாகும் அழுத்த அலை. ஓர் அலையின் மேடு வரும் அதே கணத்தில், அதே அளவுள்ள பள்ளத்தை உண்டாக்கி அதனுடன் சேர்த்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஜெர்மானிய இயற்பியலாளர் பால் லூயெக் இக்கருத்துக்கு 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதைச் செயல்படுத்தும் அளவுக்கு மின்னணுவியல் அப்போது வளர்ந்திருக்கவில்லை.

காதில் அணியும் கருவியாக இது வளர்ந்த கதையில் இந்தியத் தொடர்பு ஒன்று உண்டு. வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற விடுதலைப் போராட்டக்காரர் நோனி கோபால் போஸ் என்பவரின் மகன் அமர் போஸ், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1978-இல் சூரிச் நகரிலிருந்து விமானத்தில் திரும்பும்போது, இயந்திர இரைச்சலில் இசை மூழ்கிப்போவதைக் கண்டு, பயணத்தின்போதே இதற்கான கணக்குகளைப் போடத் தொடங்கினார். அவர் நிறுவிய நிறுவனம் 1989-இல் விமானிகளுக்கான கருவியையும், 2000-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கான ஹெட்போனையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விமான இரைச்சலுக்கு மருந்தாகவே இத்தொழில்நுட்பம் பிறந்தது என்பதை நினைவில் கொள்வது நலம். இதன் பலமும் வரம்பும் அந்தப் பிறப்பிலேயே இருக்கின்றன.

ஹெட்போனின் வெளிப்புறத்திலும் உட்புறத்திலும் உள்ள சிறு ஒலிவாங்கிகள் இரைச்சலைக் கேட்கின்றன. உள்ளே இருக்கும் சில்லு அதற்கு எதிரான அலையைக் கணக்கிட்டு, காதருகில் உள்ள ஒலிப்பான் வழியே வெளியிடுகிறது. 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட தாழ்ந்த உறுமலின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். அவ்வளவு நீண்ட அலையைப் பின்தொடர்ந்து பிடிப்பது எளிது. சில மில்லிமீட்டர் பிசகினாலும் குற்றமில்லை. 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ சுமார் 11 சென்டிமீட்டர்தான். அங்கே சிறிது தாமதமானாலும், பள்ளம் விழ வேண்டிய இடத்தில் மேடு விழுந்துவிடும். ஆகவே மின்னணு முறை ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட, இடைவிடாத ஒலிகளில்தான் சிறப்பாக வேலை செய்கிறது. அதற்கு மேற்பட்ட ஒலிகளைத் தடுப்பது பெரும்பாலும் காதைச் சுற்றியுள்ள மெத்தையின் வேலை.

உங்கள் இரைச்சல் எந்த வகை?

இந்த ஓர் உண்மை தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும். விமானத்தின் முழக்கம், குளிர்சாதன ரயில் பெட்டியின் உறுமல், பேருந்து இயந்திரத்தின் அதிர்வு, மின்விசிறி, ஏர் கூலர், தொலைவிலுள்ள ஜெனரேட்டர் ஆகியவை இக்கருவிக்கு எளிய இரை. ஸ்விட்சைப் போட்டதும் ஒரு திரை விழுந்ததுபோல் அவை அடங்கிவிடும். குழந்தையின் அழுகை, நாயின் குரைப்பு, வாகன ஹாரன், குக்கர் விசில், அடுத்த வீட்டில் சுவரைத் துளைக்கும் ஓசை போன்றவை உயர்ந்த ஒலிகளாகவோ திடீரென எழுபவையாகவோ இருப்பதால் ஓரளவே குறையும். மனிதப் பேச்சு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, மங்கும், மறையாது. பின்னணி உறுமல் நீங்கிவிடுவதால், எதிர் இருக்கைக்காரர் தொலைபேசியில் பேசும் குடும்ப விவகாரம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்!

அடிக்கடி விமானத்திலோ நெடுந்தொலைவு ரயிலிலோ செல்பவருக்கு நல்ல இரைச்சல் நீக்கம் கொடுத்த பணத்துக்குத் தகுந்ததாக இருக்கும். வீட்டில் குடும்பத்தாரின் பேச்சொலிக்கு நடுவே வேலை செய்ய வேண்டியவர், விளம்பரத்தில் காட்டப்படும் முழு அமைதியை எதிர்பார்த்து முப்பதாயிரம் ரூபாய் செலவிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். அவருக்கு, நன்றாக அழுத்தி மூடும் மெத்தையுடன் கூடிய நடுத்தர விலைக் கருவியே போதும் என்பது என் கருத்து.

பெட்டியின் மேலுள்ள சொற்களையும் கூர்ந்து படிக்க வேண்டும். 'ஏ.என்.சி.' என்பதுதான் மேலே விளக்கிய முறை. 'ஈ.என்.சி.' என்பது முற்றிலும் வேறு. நீங்கள் தொலைபேசியில் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள இரைச்சல் எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்காமல் குறைப்பது அது. உங்கள் காதுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மலிவு விலைக் கருவிகள் பலவற்றில் இரண்டாவது மட்டுமே இருக்க, 'இரைச்சல் நீக்கம்' என்ற பெரிய எழுத்துகள் வாங்குபவரை மயக்குகின்றன. '40 டெசிபல் வரை' என்பது போன்ற அறிவிப்பில் 'வரை' என்ற சொல்லே முக்கியம். ஏதோ ஓர் அதிர்வெண்ணில் கிடைத்த உச்ச அளவாக அது இருக்கலாம். எல்லா ஒலியும் அவ்வளவு குறையும் என்பது பொருளன்று.

தலையும் காதும்

மெத்தைக்கும் தோலுக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலி அதன் வழியே உள்ளே நுழைந்துவிடும். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு இது பெரிய சிக்கல். கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிப் பிடிப்பதால், உயர்ந்த விலைக் கருவியும் பாதித் திறனையே காட்டக்கூடும். பெரிய காதணிகளும் அடர்ந்த பின்னலும் இதே வேலையைச் செய்யும். ஆகவே கண்ணாடியும் காதணியும் வழக்கம்போல் அணிந்துகொண்டே கடைக்குச் சென்று, இருபது நிமிடமாவது அணிந்து பார்க்க வேண்டும். முதல் இரண்டு நிமிடங்களில் எல்லா ஹெட்போனும் சுகமாகவே இருக்கும். காம்பு பொட்டில் அழுத்துவதும், உச்சந்தலை கனப்பதும் பிறகுதான் தெரியும்.

நம் வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். காதை முழுவதும் மூடும் கருவிகளில் வியர்ப்பது தவிர்க்க முடியாதது. செயற்கைத் தோல் உறைகள் மும்பை, கொல்கத்தா, சென்னை போன்ற ஈரப்பதம் மிகுந்த நகரங்களில் நாளடைவில் உரிந்துவிடுகின்றன. மெத்தையைக் கழற்றி மாற்ற முடியுமா, மாற்று மெத்தை இந்தியாவில் விற்கப்படுகிறதா என்று வாங்கும் முன்பே விசாரிப்பது அறிவுடைமை. மேசை விசிறிக்கு நேரே உட்கார்ந்து வேலை செய்பவர்கள் மற்றொன்றையும் சோதிக்கலாம். வெளிப்புற ஒலிவாங்கிகளில் காற்று மோதினால் சில கருவிகள் அதையே சீறலாக மாற்றிக் காதுக்குள் அனுப்பும்.

இரைச்சல் நீக்கத்தைத் தொடங்கியதும் காது அடைத்தது போன்ற உணர்வு சிலருக்கு ஏற்படுவதுண்டு. உண்மையில் காற்றழுத்தம் மாறுவதில்லை. தாழ்ந்த ஒலிகள் திடீரென மறைவதை மூளை அவ்வாறு உணர்கிறது. நீக்கத்தின் அளவைக் குறைக்கும் வசதி இருந்தால் இவர்களுக்கு உதவும்.

செவித்திறன் என்னும் சேமிப்பு

இதுவரை சொன்னவை சுகம் சார்ந்தவை. இக்கருவியின் உண்மையான மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. விமானத்தின் உள்ளே இரைச்சல் பொதுவாக 80 முதல் 85 டெசிபல் வரை இருக்கும். சாதாரண இயர்போனில் பாட்டையோ பாடத்தையோ கேட்பவர் அதற்கு மேலே ஒலியைக் கூட்டினால்தான் சொற்கள் விளங்கும். நாள்தோறும் மின்தொடர் வண்டியில் கல்லூரிக்குச் செல்லும் மாணவரும் இதையேதான் செய்கிறார், விரல் தானாகவே ஒலியைக் கூட்டிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல்தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகிறது. 83 டெசிபலில் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி, 92-இல் இரண்டரை மணி. கூட்டுவட்டியைப் போலவே இக்கணக்கும் மெதுவாகத் தொடங்கி விரைவாக ஏறுகிறது. உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் காது ஒன்றுக்குச் சுமார் 15,000 மட்டுமே. அழிந்தவை மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை.

பின்னணி இரைச்சல் 20 டெசிபல் அளவுக்குக் குறைந்துவிட்டால், வீட்டின் அமைதியான அறையில் கேட்கும் மெல்லிய அளவிலேயே ரயிலிலும் கேட்கலாம். ஹெட்போன் இந்த வாய்ப்பைத்தான் தருகிறது. அதைப் பெற்ற பிறகும் ஒலியைப் பழைய அளவிலேயே வைத்திருந்தால் கொடுத்த பணத்தால் காதுக்கு லாபமில்லை. ஒலி அளவைக் கண்காணித்து எச்சரிக்கும் வசதியும், உச்ச வரம்பு விதிக்கும் வசதியும் இன்று பல கைப்பேசிகளில் உள்ளன. பிள்ளைகளின் கைப்பேசியில் அவற்றை முதல் நாளே அமைத்துவிடுங்கள். சாலையில் நடக்கும்போதும், தண்டவாளத்தைக் கடக்கும்போதும், வண்டி ஓட்டும்போதும் இதை அணியவே கூடாது. வெளி ஒலியை உள்ளே விடும் முறை இருக்கிறதே என்பது இங்கே சமாதானம் ஆகாது.

பிற வசதிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். பெரும்பாலான கருவிகளில் பேட்டரி ஒரு மின்னேற்றத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறது. நாள்தோறும் மின்னேற்றம் செய்ய வசதியுள்ளவருக்கு முப்பது மணிக்கும் அறுபது மணிக்கும் பெரிய வேறுபாடில்லை. மடிக்கணினி, கைப்பேசி இரண்டுடனும் ஒரே நேரத்தில் இணையும் வசதி வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு மிகவும் பயன்படும். எல்.டி.ஏ.சி. போன்ற உயர்தர ஒலிக்குறியீட்டு முறைகளுக்காகக் கூடுதல் பணம் தருமுன், உங்கள் கைப்பேசி அதை ஆதரிக்கிறதா என்று பாருங்கள். ஐபோன்கள் ஆதரிப்பதில்லை. ரயில் பெட்டியில் அந்த நுண்மையைக் காதால் பிரித்தறிவதும் அரிது. மின்னேற்றம் தீர்ந்தாலும் கம்பி வழியே பாடுமா என்று கேட்டுவைப்பது நல்லது.

பெட்டி, பில், தவணை

கம்பியில்லா ஹெட்போன்கள் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுத் திட்டத்தில் அடங்கியவை. பெட்டியிலோ கருவியிலோ தர எண்ணும், 'ஆர்' எழுத்துடன் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணை இட்டு உண்மையைச் சரிபார்க்கலாம். அதிகபட்ச சில்லறை விலை, இறக்குமதியாளரின் பெயர், முகவரி ஆகியவை அச்சிடப்படாத பெட்டி அதிகாரபூர்வ வழியில் வந்ததாக இருக்காது. அத்தகைய பொருளின் மலிவு, உத்தரவாதம் கேட்கும் நாளில் விலை உயர்ந்ததாகிவிடும்.

இனி 'வட்டியில்லாத் தவணை'. கடன் அட்டையில் வழங்கப்படும் இத்திட்டத்தில் வட்டி மறைவதில்லை. வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் தள்ளுபடியாகத் தருகிறார் என்பதே ஏற்பாடு. வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று இல்லை என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையிலேயே தெளிவுபடுத்தியது. எடுத்துக்காட்டாக, 30,000 ரூபாய் ஹெட்போனை மாதம் 5,000 ரூபாயாக ஆறு தவணைகளில் வாங்குவதாகவும், வட்டி ஆண்டுக்கு 15 விழுக்காடு என்றும் கொள்வோம். கடன் தொகை சுமார் 28,730 ரூபாய். வட்டி சுமார் 1,270 ரூபாய். இந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி, அதாவது ஏறத்தாழ 229 ரூபாய், உங்கள் கணக்கில்தான் பற்று வைக்கப்படும். செயலாக்கக் கட்டணம் 199 ரூபாய் என்றால் வரியுடன் 235 ரூபாய். ஆக, செலவில்லாத தவணையின் செலவு சுமார் 464 ரூபாய். முழுத் தொகையையும் உடனே செலுத்துவோருக்குத் தனித் தள்ளுபடி இருந்தால் அதையும் இழக்கிறீர்கள். பல அட்டைகளில் நிலுவைத் தொகைக்கான வட்டி மாதத்துக்கு 3 விழுக்காட்டுக்கும் மேல் என்பதால், ஒரு தவணை தவறினாலே கணக்கு தலைகீழாகிவிடும்.

இதைச் சொல்வது தவணையை விலக்குவதற்காக அன்று. மொத்தத் தொகையையும் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் செயலாக்கக் கட்டணம் திரும்ப வருமா என்பதையும் நிபந்தனைகளில் படித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் வருவதில்லை.

வாங்கிய முதல் வாரத்தில், திருப்பித் தரும் காலக்கெடு முடியும் முன், நீங்கள் வழக்கமாகப் போகும் ரயிலிலோ பேருந்திலோ ஒருமுறை அணிந்து சென்று பாருங்கள். தொலைபேசியில் ஒருவருடன் பேசி, உங்கள் குரல் அவருக்கு எப்படிக் கேட்கிறது என்று விசாரியுங்கள். பில்லைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட மை ஓராண்டுக்குள் மங்கிவிடும். உத்தரவாதக் காலத்தில் பழுது ஏற்பட்டு விற்பவர் தட்டிக்கழித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம்.