மரம் தேடிய குடியானவர்

உழவனுக்கு நிலம் கொடுத்துவிட்டால் அவன் குறை தீர்ந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நிலம் இன்றியமையாததே. ஆயினும், அந்நிலத்தில் முதல் ஆண்டு அவன் எதை உண்பான், எதை எரிப்பான், நோயுற்றால் யாரை அழைப்பான் என்ற கேள்விகளுக்கும் விடை வேண்டும். இக்கேள்விகளை அதிகாரிகள் கேட்கத் தவறலாம், குடியானவன் தவறமாட்டான். கனடாவின் புல்வெளி மாநிலங்களில் குடியேறிய உக்ரேனிய உழவரின் வாழ்க்கை இதற்கு நல்லதொரு பாடமாகும்.

விட்டு வந்த ஊர்

இன்றைய மேற்கு உக்ரேனின் பெரும்பகுதி, 19-ஆம் நூற்றாண்டில் கலீசியா என்ற பெயரில் ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. 1848-இல் அங்குப் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது. உழவர் தம் துண்டு நிலத்துக்கு உரியவராயினர். ஆனால் காடும் மேய்ச்சல் நிலமும் பெரும்பாலும் பண்ணையார் கையிலேயே தங்கின. தலைமுறைதோறும் பாகம் பிரிந்து, பெரும்பாலான குடும்பங்களின் நிலம் 5 ஹெக்டேருக்கும், அதாவது சுமார் 12 ஏக்கருக்கும் குறைந்துவிட்டது. அடுப்புக்கு விறகு வேண்டினும் கூரைக்குக் கழி வேண்டினும், அதற்குப் பணமோ உழைப்போ கொடுத்தாக வேண்டும். இந்த நினைவைச் சுமந்தே அவர்கள் கடல் கடந்தனர்.

1891-இல் நெபிலிவ் என்னும் ஊரைச் சேர்ந்த இவான் பிலிப்பிவ், வாசில் எலெனியாக் ஆகிய இருவர் கனடா சென்று நிலத்தை நேரில் கண்டனர். குடும்பத்தை அழைத்துவர ஊர் திரும்பிய பிலிப்பிவ், மக்களைக் குடிபெயரத் தூண்டினார் என்ற குற்றச்சாட்டின்பேரில் சிறையிடப்பட்டார். எனினும் செய்தி பரவிவிட்டது. 1895-இல் வேளாண்மை வல்லுநரான ஒசிப் ஒலெஸ்கிவ் கனடாவைச் சுற்றிப் பார்த்து, குடியேற விரும்புவோருக்காகச் சிறு நூல்கள் எழுதினார். 1891 முதல் 1914 வரை ஏறத்தாழ 1,70,000 உக்ரேனியர் கனடாவை அடைந்தனர்.

160 ஏக்கரும் 10 டாலரும்

1872-ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி, 10 டாலர் கட்டணம் செலுத்துவோருக்கு 160 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் அங்கே குடியிருந்து, வீடு கட்டி, குறிப்பிட்ட அளவு நிலத்தை உழுது பண்படுத்தினால் அது சொந்தமாகும். அது ஆளற்ற நிலம் அன்று என்பதையும் நாம் மறத்தலாகாது. பூர்வகுடி மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்த அப்பரப்பை, 1870-களில் செய்த உடன்படிக்கைகளைக் காட்டி அரசு கைக்கொண்டிருந்தது.

ஒரு மைல் சதுரமாக அளந்து, அதை நான்காகப் பங்கிட்டுக் கொடுத்தனர். திறந்த புல்வெளியில் மரமும் கல்லும் இல்லாத கரிய மண் இருந்தது. வந்த அன்றே ஏர் பூட்டலாம். ஆனால் உக்ரேனியருள் பெரும்பாலோர் அதை விட்டு, வடக்கே ஆஸ்பன் மரங்களும் சதுப்பும் நிறைந்த நிலத்தையே நாடினர். கண்டவர் வியந்தனர், அறியாமை என்றனர் சிலர்.

அது அறியாமை அன்று, கணக்கு. கப்பலை விட்டு இறங்கியபோது பலரிடம் பணம் மிகக் குறைவு. திறந்த வெளியில் வீட்டுக்கு மரமும், குளிருக்கு எரிபொருளும் விலை கொடுத்து வாங்க வேண்டும். மரமுள்ள நிலத்திலோ வீடு, வேலி, விறகு மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. சதுப்போரத்துப் புல் பசுவுக்கு ஆயிற்று. காளானும் காட்டுப்பழமும் குழந்தைகளுக்கு ஆயின. அனைத்துக்கும் மேலாக, பக்கத்து நிலத்தில் உற்றார் உறவினர் இருந்தனர்.

முதல் ஆண்டுகள்

முதற் குளிர்காலத்தைப் பல குடும்பங்கள் 'புர்தேய்' என்னும் குழி வீட்டில் கழித்தன. தரையைச் சில அடி ஆழம் தோண்டி, மேலே கழிகளைச் சாய்த்து, புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளால் மூடினால் அதுவே வீடு. வெளியே வெப்பம் உறைநிலைக்கு 30, 40 டிகிரி கீழே இறங்கும் நாடு அது. பின்னர் மரக்கட்டைகளை அடுக்கி, களிமண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசி, சுண்ணாம்பு அடித்து, தெற்கு நோக்கிய வாசலோடு வீடு எழுப்பினர். உள்ளே பெரிய மண் அடுப்பு. சமையலும் அதில், குளிர்காய்வதும் அதனருகில்.

ஏரும் மாடும் வாங்கப் பணம் வேண்டி, ஆண்கள் இருப்புப்பாதை வேலைக்கும் சுரங்கத்துக்கும் சென்றனர். அம்மாதங்களில் நிலத்தைக் காத்தவர் பெண்களே. மரம் வெட்டி, வேர் பறித்து, சுவர் பூசி, தோட்டம் போட்டு, குழந்தைகளையும் வளர்த்தனர். மானிடோபாவில் செனகா என்னும் மருந்து வேரைத் தோண்டி விற்றுக் காசு சேர்த்தனர். அரசு தந்த உரிமைச் சீட்டில் பெரும்பாலும் கணவன் பெயரே இருந்தது. அதற்குரிய உழைப்பில் பாதிக்கு மேல் மனைவியுடையது என்று சொன்னால் மிகையாகாது.

ஊர் ஆக்கியது

கலீசியாவில் வீடுகள் நெருங்கி நிற்கும். கனடாவிலோ ஒவ்வொரு வீடும் அரை மைல் தள்ளி நின்றது. அளவைக்காரர் நிலத்தைத் தந்தனர், ஊரைத் தரவில்லை. அதை மக்களே ஆக்கிக்கொண்டனர். தேவாலயத்தையும், செய்தித்தாளை உரக்கப் படிக்கும் வாசகசாலையையும், ஊர் மன்றத்தையும் தம் கையால் கட்டினர். மானிடோபாவில் உக்ரேனியமும் ஆங்கிலமும் கற்பித்த இருமொழிப் பள்ளிகளை அரசு 1916-இல் நிறுத்தியது. அதே ஆண்டில் கிராமத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்க, சாஸ்கட்டூன் நகரில் மொஹிலா மாணவர் இல்லம் தொடங்கப்பட்டது.

சோதனையும் வந்தது. முதல் உலகப் போரில் அவர்கள் பகைநாட்டுக் குடிகள் எனப்பட்டனர். சுமார் 80,000 பேர் பதிவு செய்துகொள்ளக் கட்டாயப்படுத்தப்பட்டனர். 5,000-க்கு மேற்பட்ட உக்ரேனியர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். வாருங்கள் என்று அழைத்த அரசே இதைச் செய்தது.

விதையும் விலையும்

அந்நாட்டில் கோடை குறுகியது. கதிர் முற்றும் முன் உறைபனி விழும். இத்துன்பத்தைக் குறைத்தது மார்க்குவிஸ் என்னும் கோதுமை. சார்ல்ஸ் சாண்டர்ஸ் தேர்ந்தெடுத்து வளர்த்த இவ்வினம் 1909 முதல் உழவருக்குக் கிடைத்தது. அதன் பெற்றோர் ரெட் ஃபைஃப், ஹார்டு ரெட் கல்கத்தா என்னும் இரண்டு இனங்கள். முன்னது கலீசியக் கோதுமையோடு ஒன்றே எனக் கண்டறியப்பட்டது. பின்னது நம் இந்திய நாட்டுக் கோதுமை. தாயகத்து விதையும் நம் நாட்டு விதையும் கலந்து பிறந்த பயிரையே அந்தப் புல்வெளியில் அவர்கள் அறுத்தனர்.

விளைவித்தால் போதாது, விலையும் வேண்டும். 1923, 1924-ஆம் ஆண்டுகளில் மூன்று மாநிலங்களிலும் உழவர் கோதுமைக் கூட்டுறவுகளை அமைத்தனர். 1932-இல் ஒரு புஷல் கோதுமையின் விலை 40 சென்டுக்கும் கீழே வீழ்ந்தபோது அவையும் தள்ளாடின. 1935-இல் அரசு கோதுமை வாரியத்தை நிறுவியது. கோதுமையை வாரியத்தின் வழியே மட்டும் விற்க வேண்டும் என்ற ஏற்பாடு 2012-இல் முடிவுற்றது.

கணக்கின் மறுபக்கம்

மரமுள்ள நிலம் முதல் பத்தாண்டுகளில் காத்தது. பின்னர் அதே மரம் தடையாயிற்று. மானிடோபாவின் ஸ்டூவர்ட்பர்ன் போன்ற இடங்களில் கல்லும் சதுப்பும் விளைச்சலைக் குறைத்தன. டிராக்டர் வந்தபின் 160 ஏக்கர் பற்றவில்லை. 2021-இல் சஸ்காட்சுவானில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 1,700 ஏக்கருக்கு மேல். பேரப்பிள்ளைகள் பலர் நகரம் சென்றுவிட்டனர். எட்மன்டனுக்குக் கிழக்கே உள்ள உக்ரேனியப் பண்பாட்டுக் கிராமத்தில், அக்குழி வீடு இன்று பார்வையாளருக்குரிய காட்சிப் பொருளாக நிற்கிறது.

அப்படியாயின் அவர்கள் தேர்ந்தது தவறா? அன்று, முதற் குளிர்காலத்தைக் கடவாதவனுக்கு ஐம்பதாம் ஆண்டு என்பதே இல்லை. ஆல்பர்ட்டாவில் சிப்மன் பகுதியில் பண்ணை அமைத்த எலெனியாக், 1947-இல் கனடாவின் முதற் குடியுரிமைச் சான்றிதழ்களைப் பெற்ற சிலருள் ஒருவரானார். முதற் சான்றிதழைப் பெற்றவர் பிரதமர் மெக்கன்ஸி கிங். 1956-இல், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், எலெனியாக் மறைந்தார்.

கிராமப் பணியில் ஈடுபட்டுள்ள நாம் கொள்ளத்தக்க பாடம் இதுவே. ஏழைக் குடியானவன் நாம் காட்டும் வழியை மறுத்து வேறொன்றைத் தேர்ந்தால், அறியாமை என்று குறிப்பேட்டில் எழுதுமுன், அவன் போட்ட கணக்கு என்னவென்று கேட்போமாக. அவன் இந்த ஆண்டைக் காண்கிறான். நாம் ஐந்தாண்டைக் காண்கிறோம். இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போதுதான் திட்டம் நிலைக்கும்.