கல்லலில் இருந்து ஸ்ரீநகருக்கு: முதல் குளிருக்கு என்ன வாங்குவது?

கல்லல் பக்கத்துப் பிள்ளைக்கு ஸ்ரீநகர் என்ஐடியில் இடம் கிடைத்துவிட்டால் வீட்டில் எழும் முதல் கவலை சாப்பாடு, அடுத்தது குளிர். பருப்புப்பொடியும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்துவிடலாம். குளிருக்கு வேண்டியதை எல்லாம் இங்கேயே வாங்கிக் கட்ட வேண்டாம். காரைக்குடியில் எடுக்கும் மெல்லிய ஸ்வெட்டர் கொடைக்கானலுக்குப் போய்வரப் போதும். தால் ஏரியை ஒட்டி, ஹஸ்ரத்பலில் இருக்கும் அந்தக் கல்லூரிக்குக் கணக்கே வேறு.

முதலில் மாதங்களைப் பாருங்கள். ஆகஸ்டில் போய் இறங்கும்போது அரைக்கைச் சட்டையே போதும். அக்டோபர் பிற்பாதியில் இரவுகள் நடுக்கத் தொடங்கும். டிசம்பர் 21 முதல் 40 நாள் ‘சில்லாய் கலான்’ என்கிற கடுங்குளிர். 2024இல் அது தொடங்கிய அன்று அதிகாலையில் மைனஸ் 8.5 டிகிரி. ஆனால் அந்த நாட்களில் பெரும்பகுதி குளிர்கால விடுமுறையில் போய்விடும், நீங்கள் ஊரில் இருப்பீர்கள். ஆக, நீங்கள் சமாளிக்க வேண்டியது நவம்பரும் டிசம்பரின் முன்பாதியும், திரும்பிப் போனபின் பனி உருகிச் சேறாகும் நாட்களும்தான். துருவப் பயணத்துக்கான ஜாக்கெட்டில் பணத்தைக் கொட்டாதீர்கள். அந்தப் பணம் காலுக்குப் போகட்டும்.

அடுத்தது உள்ளாடை. ஊரிலிருந்து எடுத்துப்போக வேண்டிய ஒரே குளிர்த்துணி தெர்மல்தான். மேலுக்கும் காலுக்குமாக மூன்று செட். அங்கே துணி எளிதில் காயாது, இரண்டு செட் பற்றாது. முழுப் பருத்தி வேண்டாம். நம் வெயிலுக்கு உயிர்காக்கும் பருத்தி, குளிரில் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும். கம்பளியோ பாலியஸ்டரோ கலந்ததை, உடம்போடு ஒட்டிய அளவில் எடுங்கள்.

செட்டிநாட்டு வீட்டுக் கூரையில் ஓடுகளை அடுக்கடுக்காக வேய்வது வெயில் உள்ளே இறங்காமல் இருக்க. உடம்புச் சூடு வெளியேறாமல் இருக்கத் துணியையும் அப்படி அடுக்க வேண்டும். இடையில் தங்கும் காற்றுதான் காப்பாற்றுகிறது. அதனால் தடித்த ஒரே ஸ்வெட்டரைவிட, தெர்மலுக்கு மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ், அதற்கு மேல் காற்று புகாத ஜாக்கெட் என்று மூன்றாகப் போடுவது நல்லது. நடுவில் போடுவது முன்பக்கம் ஜிப் வைத்ததாக இருந்தால் வகுப்பில் திறந்துவிடலாம். ஜாக்கெட்டை ஸ்வெட்டரோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். இரண்டு கையையும் தூக்கும்போது இடுப்பு தெரியக் கூடாது. சுடிதார் போடுபவர்கள் உள்ளே ஃபிளீஸ் வைத்த லெக்கிங்ஸ் வாங்கிக்கொள்ளலாம். காதை மூடும் குல்லா, கையுறை, மஃப்ளர் எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

ஸ்ரீநகரில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை புகழ்பெற்றது. லால் சௌக்கை ஒட்டிய தெருக்களில் பழைய ஜாக்கெட்டுகளும் ஸ்வெட்டர்களும் மலைபோல் குவிந்திருக்கும். சீனியர் ஒருவரோடு அக்டோபரிலேயே போய்விடுங்கள். ஜிப்பை மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள், தையலை உட்புறம் திருப்பிப் பாருங்கள், துவைக்காமல் போடாதீர்கள். அங்கே எல்லோரும் அணியும் ஃபிரன் என்கிற தொளதொளத்த அங்கி ஒன்றையும் வாங்குங்கள். அறையில் உட்கார்ந்து படிக்க அதற்கு ஈடில்லை. ஃபிரனுக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி, அதாவது கூடைக்குள் வைத்த கரிச்சட்டி, மூடிய விடுதி அறைக்கு வேண்டவே வேண்டாம். கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். வெந்நீர்ப் பை போதும்.

இனி பூட்ஸ். பழையதில் ஜாக்கெட் வாங்கலாம், பூட்ஸ் மட்டும் புதிதாகவே இருக்கட்டும். வேறொருவர் காலுக்குப் படிந்த அடிப்பாகமும் வெடித்த பசையும் நனையும்போதுதான் தெரியவரும். கணுக்காலுக்கு மேல் ஏறும் உயரம், தண்ணீர் புகாத மேற்புறம், ஆழமான பள்ளங்கள் வெட்டிய ரப்பர் அடி ஆகிய மூன்றையும் பாருங்கள். வழுவழுப்பான அடி பனிக்கட்டியில் சறுக்கும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் ஜில்லிடும், அதனால் இரண்டு சாக்ஸைத் திணிப்பதிலும் பயனில்லை. சேறு அதிகமான நாட்களுக்கு உள்ளூர்க்காரர்கள் போடும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் மலிவானது, கூடுதலாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம்.

தோலையும் மறக்க வேண்டாம். ஊரிலிருந்து எடுத்துப்போகும் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். அப்பத்தா கொடுத்தனுப்பும் பாட்டில் நல்லெண்ணெயாக இருந்தால் உதடு, முழங்கை வெடிப்புக்கு அப்படியே தடவலாம்.

மறுபடியும் பூட்ஸுக்கு வருவோம். நனைந்த பூட்ஸை ஹீட்டர் முன்னால் வைக்காதீர்கள், ஒட்டுப்பசை விட்டுவிடும். உள்ளே இருக்கும் மெத்தையை வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, ஈரம் ஏறியதும் மாற்றுங்கள். மறுநாள் வேறு ஜோடியைப் போடுங்கள். பனி உறைந்த பாதையில் குதிகாலை முதலில் ஊன்றாமல், முழுப்பாதத்தையும் ஒன்றாக வைத்து, சின்னச் சின்ன அடியாக நடங்கள். கைகளை ஜாக்கெட் பையில் விட்டுக்கொண்டு நடக்காதீர்கள், சறுக்கினால் ஊன்றக் கை வேண்டும்.