டியூ கட்டியும் லாக் ஆன ஆட்டோ

பேட்டரி ஆட்டோவை லோனில் எடுத்தால் வண்டியோடு ஒரு கறுப்புப் பெட்டியும் வரும். உள்ளே ஒரு சிம், ஒரு ஜிபிஎஸ், மோட்டாரைத் துண்டிக்கும் ஒரு ரிலே. டியூ தவறினால் ஃபைனான்ஸ்காரர்கள் ஆபீஸில் இருந்தபடியே வண்டியை நிறுத்திவிடலாம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்தேன். ஆனால் டியூ ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதே கோயம்பேட்டில் வண்டி நின்றுவிட்டது. போர்டில் விளக்கு எரிகிறது, சார்ஜ் இருக்கிறது, ஆக்சிலரேட்டரைத் திருகினால் மோட்டார் அசையவில்லை. கஸ்டமர் கேரில், "பாக்கி இல்லை, எங்கள் சிஸ்டத்தில் வண்டி லாக் ஆகவில்லை" என்றார்கள். ஷோரூமிலோ, "அது ஃபைனான்ஸ் பெட்டி, நாங்கள் தொட மாட்டோம்."

பெட்டி ஒயரைப் பிடுங்கிவிடு என்றார்கள் ஆட்டோ ஸ்டாண்டில். அதை மட்டும் செய்யாதீர்கள். பிடுங்கிவிட்டால் பழுது உங்கள் தலையில் விழும். நான் சாவி போடுவதிலிருந்து வீடியோ எடுத்தேன். டியூ போன பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்து, ஃபைனான்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போட்டேன். அவர் பெயரும் நம்பரும் கிளையில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. முக்கியமாகக் கேட்டது ஒன்று: லாக் உத்தரவு எப்போது போனது, போகவே இல்லையா, அந்தப் பதிவு வேண்டும். போனில் கத்தியபோது வராத டெக்னீஷியன் இதற்கு வந்தார். பெட்டியைத் திறந்தால் ரிலே முனை கருகிக் கிடந்தது. ஆபீஸ் சிஸ்டத்துக்கு இது எப்படித் தெரியும்?

லோன் ஒப்பந்தத்தின் நகல் நமக்குப் புரிகிற மொழியில் கிடைக்க வேண்டும். வண்டியைப் பறிமுதல் செய்யுமுன் எத்தனை நாள் நோட்டீஸ் என்பதும் அதில் இருக்க வேண்டும். பாக்கி இருப்பவனுக்கே நோட்டீஸ் உண்டென்றால், பாக்கி இல்லாதவன் வண்டியை நிறுத்திவைக்க என்ன நியாயம்? இதைத்தான் மெயிலில் எழுதினேன்.

30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் புகார் செய்யலாம், விவரத்துக்கு 14448. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. ஆட்டோ வியாபார வண்டி, நீ நுகர்வோரே இல்லை என்பார்கள். பயப்பட வேண்டாம்: சுயதொழிலில் பிழைக்க மட்டுமே வாங்கிய பொருள் என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் நுகர்வோர்தான். நாலு வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டுகிறவருக்கு இந்த வாதம் நிற்பது கஷ்டம்.

கோபத்தில் டியூவை நிறுத்தாதீர்கள்; இல்லாத பாக்கி நிஜப் பாக்கியாகிவிடும். வண்டி நின்ற நாட்களின் வருமானத்தைத் தனியாகக் கேளுங்கள். ஆப் சவாரிக்குக் கணக்கு ஆப்பிலேயே இருக்கும். ஸ்டாண்ட் சவாரிக்கு நோட்டுதான் சாட்சி. தினமும் எழுதிவந்த நோட்டைக் காட்டியதால், கேட்டதில் ஒரு பகுதியை அடுத்த டியூவில் கழித்தார்கள்.

பெட்டி மாற்ற வருகிறவரிடம் பழைய நம்பர், புது நம்பர், என்ன பழுது என்று எழுதி வாங்குங்கள். பழைய பெட்டியை அவர் எடுத்துப் போய்விடுவார்; அதற்குள் கருகிய இடத்தைப் போட்டோ எடுத்துவிடுங்கள்.