சித்திரை வெயிலும் முட்டையின் கருவும்

மீனாட்சிக்கு,

சித்திரையில் அடைவைத்த முட்டைகளில் பாதி கூமுட்டையாய்ப் போனதற்கு வெயிலே காரணம் என்று உன் பாட்டி சொன்னதை நம்பலாமா என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் நம்பலாம், ஆயினும் அவ்வெயில் கருவைச் சுட்டழித்தது என்பதைவிட, அகாலத்தில் எழுப்பி அவசரப்படுத்திற்று என்பதே பொருந்தும்.

தாய்க்கோழியின் உடலுக்குள், ஏறத்தாழ 41 பாகைச் சூட்டில் ஒரு நாள் தங்கியிருக்கும்போதே, ஒற்றை உயிரணுவாய்த் தொடங்கிய கரு பல்லாயிரம் உயிரணுக்களாய்ப் பெருகி, மஞ்சட்கருவின்மேல் சிறு வெண்வட்டாய்ப் படிந்துவிடுகிறது. இட்ட முட்டை ஆறியதும் அது உறங்கிவிடும். அவ்வுறக்கம் கலையும் எல்லையை எட்வர்ட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 1902-இல் 20, 21 பாகையளவில் வைத்தார். பின்வந்தோர் சற்று உயர்த்தினர். எப்படியாயினும், முப்பதைத் தாண்டும் நம் கோடையறையில் வைத்த முட்டையின் கரு, கோழி வந்து அமருமுன்னரே அரைகுறையாய் விழித்து, தவில் முந்த நாயனம் பிந்திய கச்சேரிபோல் உறுப்புக்கு உறுப்பு ஒவ்வாத வேகத்தில் வளரத் தலைப்பட்டு, பலவீனமுற்று, அடையின் முதல் நாட்களிலேயே மாய்ந்துபோகிறது.

அடைக்கு உகந்த சூடு 37.5 பாகையை ஒட்டியது. தாயுடலில் 41 பாகையிலே தழைத்த அதே கரு, மூளையும் இருதயமும் உருவெடுக்கும் இரண்டாம் நாளையொட்டி அதே சூட்டில் நீடித்தால், நரம்புக் குழாய் மூடாமலும் கண்கள் சரிவர அமையாமலும் விகாரமடையக் கூடும் என்பது விசித்திரமன்றோ! பிரெஞ்சு விஞ்ஞானி காமில் தாரெஸ்த், முட்டைகளின் சூட்டை மாற்றுவது முதலிய வழிகளால் இத்தகைய விகாரங்களைத் தோற்றுவித்து, 1877-இல் ஒரு பெருநூலே எழுதினார். இளங்கருவுக்குத் தன் சூட்டைத் தானே ஆளும் சக்தி இல்லை. வெப்பத்தால் உருக்குலையும் புரதங்களைத் தாங்கிப்பிடிக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உயிரணுக்கள் உண்டாக்குவது உண்மையே. ஆனால் அவற்றின் காவல் அளவுக்குட்பட்டது. தாய் இரைதேடப் போன சிறுபொழுதின் குளிர்ச்சியைக் கரு எளிதில் பொறுக்கும். சூட்டின் மிகுதியைத்தான் பொறுக்காது.

ஆதலால் முட்டைகளை அன்றன்றே எடுத்து, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்து, ஒரு வாரத்துக்குள் அடைவைக்கும்படி பாட்டியிடம் சொல். அடைவைத்த ஏழாம் நாள் இரவு விளக்கொளியில் பார்: சிலந்திபோல் இரத்தநாளங்கள் ஓடினால் உயிருண்டு, செந்நிற வளையம் தெரிந்தால் கரு தொடக்கத்திலேயே மாய்ந்தது, ஒன்றுமே தெரியாவிடில் பெரும்பாலும் அது சேவல் கூடாத முட்டை, அதன் பழியை வெயில்மேல் நேரே சுமத்தலாகாது. எத்தனை வளையம், எத்தனை வெறுமுட்டை என்று எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் மாமா